சேலம் ஜில்லாவிலிருந்து நேட்டால் போனவர்கள்: ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது?

அஸ்தம்பட்டி வாசகர்:
வணக்கம். டர்பனிலிருந்து ஒரு குடும்பம் தை மாசம் சேலம் வருகிறது. கொள்ளுத்தாத்தாவின் கப்பல் பதிவு நகல் அவர்களிடம் இருக்கிறது. ஐந்து இலக்க எண், ஜில்லா சேலம், தாலுகா 'வோமலூர்' என்று ஏதோ. ஊர்ப் பெயர் பிடிபடவில்லை. எங்கே தேடுவது? இப்படிப் போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும் தென்னாப்பிரிக்காவுக்குச் செய்தது பற்றி நூலகத்தில் அரை மணி நேரம் பேசவும் வேண்டும். எதைச் சொல்லலாம்?

பழைய ரிக்கார்டு:
சார், வோமலூர் நம்ம ஓமலூர்தான். அந்தக் காலத்து இங்கிலீஷ் எழுத்து அப்படி. முதலில் எண்ணைப் பாருங்கள். 1860-லிருந்து 1911 வரை நேட்டாலில், அதாவது டர்பன் இருக்கும் பகுதியில், இறங்கிய ஒவ்வொரு ஒப்பந்தக் கூலிக்கும் வரிசை எண் உண்டு, மொத்தம் 1,52,184. 1866-ல் ஆள் அனுப்புவது நின்றபோது 6,400 சொச்சம்தான் ஆகியிருந்தது. மறுபடி தொடங்கியது 1874-ல். ஆக, ஐந்து இலக்கம் என்றால் அதற்கப்புறம் போனவர்.

ஊர்ப் பெயரைக் கண்ணால் படிக்காதீர்கள், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார். கடைசியில் வரும் பட்டி, பாளையம் சிதைந்திருக்கும். பிறகு வருவாய் கிராமப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். காடையாம்பட்டி, மேச்சேரிப் பக்கமும் அன்று ஓமலூர் தாலுகாதான். இன்றைய தாலுகா பட்டியலை மட்டும் வைத்துத் தேடினால் பாதி ஊர் விட்டுப்போகும்.

பட்டாவில் பேர் இல்லையே என்று கைவிட வேண்டாம், நிலமில்லாதவர்கள் நிறையப் பேர் போனார்கள். தகப்பன் பெயரையும் குலதெய்வத்தையும் கேட்டு வாங்குங்கள். அந்தச் சாமி எந்த ஊரில் என்று விசாரிப்பது பல சமயம் காகிதத்தைவிட வேகமான வழி.

சேர்வராயன்:
குடும்பப் பெயரை நம்பிப் போகாதீர்கள். அங்கே 'கோவெண்டர்' (Govender) என்பது இங்கத்திக் கவுண்டர். ஆனால் போன இடத்தில் பட்டம் மாற்றிக்கொண்டவர்களும் உண்டு, தாத்தாவின் சொந்தப் பெயரே குடும்பப் பெயராக நின்றதும் உண்டு. எண்தான் ஆதாரம். சொந்தச் செலவில் போன வியாபாரிகளுக்கு எண்ணே கிடையாது.

மலையடிவாரம்:
பேச்சுக்கு என் யோசனை: பிரபலங்கள் பட்டியலில் ஆரம்பிக்காதீர்கள். கரும்பில் ஆரம்பியுங்கள். சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16-ல் 342 பேரோடு டர்பன் சேர்ந்தது. ஐந்து வருஷ ஒப்பந்தம், முதல் வருஷச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். நேட்டாலின் சர்க்கரைத் தொழில் நிமிர்ந்தது இந்தக் கைகளால். ரயில் பாதையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் இவர்களே. ஒப்பந்தம் முடிந்தவர்கள் துண்டு நிலம் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டார்கள். டர்பன் சந்தை அதில் ஓடியது.

அதற்குக் கிடைத்த பரிசு, ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கியவர்கள் மேல் 1895-ல் போட்ட மூன்று பவுண்டு வருஷ வரி. 60 ஷில்லிங், அதாவது முதல் வருஷக் கூலியில் ஆறு மாதச் சம்பளம்! இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். 1913 வேலைநிறுத்தத்துக்குப் பின், 1914-ல்தான் அது ஒழிந்தது.

பிள்ளைகள் பற்றி என்றால் பள்ளிக்கூடம்தான் முக்கியம். சமூகம் போட்ட பணத்துக்கு ஈடாக அரசு பணம் கொடுக்கும் முறையில் கட்டியவை ஏராளம். டர்பன் சாஸ்திரி கல்லூரி 1929-ல் திறந்ததும் மக்கள் காசில். அப்படிப் படிக்க வைத்த சமூகத்திலிருந்து வந்தவர்தான் நவநீதம் பிள்ளை, பஸ் டிரைவர் மகள். 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையர்.

பழைய ரிக்கார்டு:
ஒரு எச்சரிக்கை. தில்லையாடி வள்ளியம்மையைச் சேலத்தோடு சேர்த்துவிடாதீர்கள். பிறந்தது ஜோகன்னஸ்பர்க், பூர்வீகம் மயிலாடுதுறைப் பக்கம். சுவரில் மாட்டும் வரைபடமும் அன்றைய சேலம் ஜில்லாவாக இருக்கட்டும்: ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, நாமக்கல் எல்லாம் அதற்குள். திருப்பத்தூரும்கூட.