வண்டி வாங்கக் காசு இருக்கு, ஓட்டத்தான் இல்லை: பேரூராட்சிக் குப்பைக் கணக்குக்கு உதவி தேவை

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கத்துப் பேரூராட்சிகள் அளவிலான ஊருக்குத் திடக்கழிவுத் திட்ட வரைவு தயாராகிறது. 20,000 பேர், தலைக்கு 300 கிராம் என்று வைத்தால் நாளுக்கு 6 டன். அதில் பாதிக்கு மேல் மக்கும் குப்பை.

முதலீடு பெரிய சிக்கல் இல்லை. தூய்மை இந்தியா நகர்ப்புறம் 2.0-இல் ஒரு லட்சத்துக்குக் குறைவான ஊர்களுக்கு மத்தியப் பங்கு 50 சதவீதம். 15ஆவது நிதிக்குழு மானியத்திலும் (2021-26) 30 சதவீதம் சுகாதாரத்துக்கும் குப்பைக்கும் கட்டாய ஒதுக்கீடாக இருந்தது. சிக்கல் மாதாமாதச் செலவுதான்: கூலி, குப்பை வண்டிக்குப் பேட்டரி மாற்றுவது, உரக்குடில் (குப்பையை உரமாக்கும் கூடம்) மின்கட்டணம். தூய்மை இந்தியா நிதி கட்டுமானத்தோடு நின்றுவிடும்.

5,000 வீடு, வீட்டுக்கு மாதம் 30 ரூபாய் என்றால் ஒன்றரை லட்சம். 60 சதவீதம் வசூலானால் 90,000 மட்டுமே. உர விற்பனையை வரவில் எழுதவே பயம். பிரிக்காத குப்பையில் கண்ணாடித்துண்டு கலந்தால் எந்த விவசாயி வாங்குவார்?

இதைவிடப் பெரிய தலைவலி மாம்பழ சீசன். மே, ஜூனில் மண்டிக் கழிவு குவியும். தோலும் கொட்டையும் ஈரம் அதிகம், காய்ந்த இலை சேர்க்காவிட்டால் குவியல் புளித்து நாறும். 2016 திடக்கழிவு விதிகளில், நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடம் 'மொத்தக் கழிவாளர்' (பெருமளவில் குப்பை உண்டாக்குபவர்) என்று இருந்தது.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: மண்டிகளுக்கு எடைக்கணக்கில் தனிக் கட்டணம் போட்ட பேரூராட்சி உண்டா? துணைவிதி, மன்றத் தீர்மான நகல் கிடைக்குமா? வீட்டுக் கட்டணத்தைச் சொத்துவரியோடு அரையாண்டுக்கு ஒருமுறை வாங்குவதில் வசூல் கூடுகிறதா, இல்லை நிலுவைதான் பெருகுகிறதா?