புதுப்பிப்பு: சீமைக்கருவேலும் அப்பாவின் டிராக்டரும்

பரமக்குடி பக்கம் பத்து வருடமாகத் தரிசாகக் கிடந்த இரண்டு ஏக்கர் சீமைக்கருவேலை அப்பாவின் பழைய 35 குதிரைத்திறன் டிராக்டரை வைத்து எடுக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேனே, முக்கால்வாசி முடிந்தது. முதல் நாளே முள் ஏறி முன் டயர் இரண்டும் பஞ்சர், சரி, அது எதிர்பார்த்ததுதான்.

பயந்தது வேறு. தூரை இழுக்கச் சங்கிலியை வண்டியின் பின்பக்கம் உயரத்தில், டாப் லிங்க் (கலப்பையின் மேல்முனையைப் பிடிக்கிற கம்பி) மாட்டுகிற இடத்தில் கட்டிவிட்டேன். தூர் அசையவே இல்லை, வண்டியின் மூக்குதான் மேலே எழும்பியது, சட்டென்று கிளட்சை மிதித்ததால் தப்பித்தேன், இல்லாவிட்டால் பின்பக்கமாகக் கவிழ்ந்து என் மேலேயே விழுந்திருக்கும். அப்புறம் சங்கிலி கீழே டிராபாரில் (பின்பக்கம் தாழ்வாக இருக்கிற இழுவைக் கம்பி) மட்டும்தான், அதுவும் சுற்றி மண்ணைப் பறித்துப் பக்கவேரை வெட்டிய பிறகு.

பெரிய தூர்களுக்கு ஜேசிபி சொல்லியிருக்கிறேன். வேரோடு எடுக்காவிட்டால் ஒரு மழைக்கே துளிர்த்துவிடும்.