படிக்கும்போதே வேலைக்குப் போனவர்கள்: உட்கார விட்டார்களா, சாப்பிட விட்டார்களா?

புதுவயல் பெண்:
காரைக்குடியில் எம்.காம். படிக்கிறேன். காலேஜ் விட்டதும் ஒரு ஜவுளிக்கடையில் சேலை செக்‌ஷன். தீபாவளி சமயம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஷட்டர் தூக்கும்போது நின்றால் கடைசி பஸ் வரைக்கும் கால் கடுக்க நிற்கணும். அன்றைக்குக் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்ததும், மடிக்காத சேலைக் குவியலுக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் திட்டக்கூட இல்லை. நான் எழுந்ததும் ஸ்டூலைத் தூக்கிப்போய் குடோனில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். என்னோடு நிற்கிற அக்காவுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும். அவர் உட்காருவதும் அதே ஸ்டூலில்தான். நினைத்தாலே ஆத்திரமாக வருகிறது.

தேவகோட்டை, இப்போது அமெரிக்கா:
எனக்கு யூனிவர்சிட்டி டைனிங் ஹாலில் வேலை. எஃப்-1 என்கிற மாணவர் விசா என்பதால் செமஸ்டர் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான். லைப்ரரியில் இன்னொரு வேலை பார்த்தாலும் மொத்தம் அதே 20. சாப்பாட்டு நேரத்துக்குக் கார்டு தேய்த்துவிட்டுத் தயிர்சாத டப்பாவைத் திறந்தேன், பாத்திரம் கழுவும் மெஷின் அடைத்துக்கொண்டது என்று மேனேஜர் கூப்பிட்டார். சரிசெய்துவிட்டு வந்தபோது இடைவேளை முடிந்திருந்தது. சம்பளத்தில் அந்த அரை மணி நேரம் இல்லை. கூட வேலை பார்க்கும் மெக்சிகோ அக்கா ஒரு பில்லின் பின்பக்கம் நேரத்தை எழுதி என் கையில் திணித்து, "கேள்" என்றார். வேலையிலிருந்து முழுசாக விடுவித்தால்தான் சாப்பாட்டு நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கலாம், அது அங்கே சட்டம். கேட்டேன், கொடுத்தார்கள்.

கானாடுகாத்தான்:
அமெரிக்காவில் கேட்டால் கிடைக்கும், இங்கே கிடைக்காது என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். நானும் பி.எஸ்ஸி. படிக்கும்போது மளிகைக்கடையில் நின்றவன், மதியச் சாப்பாடு சாயங்காலம் நாலு மணிக்கு, அரிசி மூட்டை மேல். புதுவயல் தங்கச்சி, கவனமாகக் கேளுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லிருந்து இருக்கிறது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. நாலு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்தே ஆகணும். ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10 மணி நேரம்தான், அதற்குச் சம்பளம் இரட்டிப்பு. உட்கார இருக்கை போடணும் என்று 2021-ல் திருத்தமே வந்தது. கேரளா 2018-லேயே செய்துவிட்டது. ஆகவே ஸ்டூலைப் பூட்டியது சட்ட மீறல். தினமும் வந்த நேரம், போன நேரம், சாப்பிட்ட நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். போனில் போட்டோ எடுத்து வையுங்கள். தொழிலாளர் உதவி ஆய்வாளருக்கு மனு கொடுங்கள், தனியாக வேண்டாம், நாலு பேராகப் போங்கள். அந்த அக்காவை டாக்டரிடம் காட்டி, காலுக்கு அழுத்தமான சாக்ஸ் வாங்கிப் போடச் சொல்லுங்கள். அப்புறம், தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள்.

புதுவயல் பெண்:
அண்ணே, மனு கொடுத்தால் மறுநாள் வேலை இருக்காது. பரீட்சைக் கட்டணம் கட்ட அந்தக் காசுதான். நடந்ததைச் சொல்லணும் போல இருந்தது, சொன்னேன்.

பள்ளத்தூர்:
கானாடுகாத்தான் அண்ணே, சட்டம் சரி. லீவுக்கு வந்து போகிற பிள்ளைகளின் பேர் எந்த ரெஜிஸ்டரில் இருக்கிறது? செட்டிநாட்டு வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றியிருந்தார்கள், அங்கே நாங்கள் பந்தி பரிமாறினோம். ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்றதும் எங்களைப் பின்வாசல் வழியாக வெளியே தள்ளினார்கள். நம்ம ஊர் வீடுதான் தெருவுக்குத் தெரு நீளுமே, முன்னால் அவர் செருப்பைக் கழற்றும்போது நாங்கள் அடுத்த தெருவில் நிற்கிறோம், என் கையில் ரசவாளி. அன்றைக்கு அவர் பார்த்த ரெஜிஸ்டரில் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். முதலில் அந்தப் பேரை எழுத வையுங்கள் அண்ணே, இடைவேளையை அப்புறம் கேட்போம்.