கல்லீரல் நோயில் வரும் மனக்குழப்பம்: தென்காசி, புனலூர் பக்கத்து நண்பர்கள் உதவுங்கள்

வணக்கம். நாங்கள் செங்கோட்டை. பெரியப்பாவுக்குக் கல்லீரல் சுருக்க நோய், முற்றிய நிலை. முதலில் பகலெல்லாம் தூக்கம், ராத்திரி விழிப்பு. அப்புறம் கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று அடித்துக்கொண்டது. இப்போது பெரியம்மாவையே யாரென்று கேட்கிறார். மந்திரித்துக் கயிறு கட்டச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், அதை விடுங்கள்.

குடலில் உண்டாகும் அம்மோனியாவைக் கல்லீரல் சுத்தம் செய்ய முடியாமல் அது மூளைக்குப் போய்விடுகிறது என்றார் டாக்டர். மலச்சிக்கல், கிருமித்தொற்று, வயிற்றில் ரத்தக்கசிவு, தூக்க மாத்திரை, நீர் பிரியும் மாத்திரையால் உடம்பு வறண்டு பொட்டாசியம் குறைவது என எது வந்தாலும் குழப்பம் சட்டென்று கூடிவிடுமாம். மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப்பும், குடல் கிருமிகளைக் குறைக்கும் ரிஃபாக்சிமின் மாத்திரையும் கொடுக்கிறோம். தினம் 2, 3 முறை மலம் இளகலாகப் போக வேண்டும். பேதியாகிவிட்டால் அதுவும் ஆபத்து. அதற்கேற்ற சிரப் அளவை வீட்டில் எப்படிப் பிடித்தீர்கள்?

சொந்தக்காரர்கள் பருப்பு, முட்டையை நிறுத்தச் சொல்கிறார்கள். டாக்டரோ உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும், படுக்கும் முன்பும் ஏதாவது சாப்பிட வேண்டும் என்கிறார். எனக்கு டாக்டர் பேச்சுதான் சரி. உப்பு குறைத்து என்ன சமைக்கிறீர்கள்?

கல்லீரல் மாற்று அறுவைக்கு மதுரை போவதா, ஆரியங்காவு தாண்டித் திருவனந்தபுரம் போவதா? நம் முதல்வர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா? ராத்திரி துணைக்கு இருக்க ஆள் தெரிந்தாலும் உள்பெட்டியில் சொல்லுங்கள்.