மறு: ‘மறதி’ இல்லாத ஒரு சொல் – குருதிக்குழல் அறிதிறன் நலிவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பொதுமக்களுக்கு நாம் எழுதும் துண்டறிக்கைக்காக, வாஸ்குலர் காக்னிட்டிவ் இம்பேர்மென்ட் (மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் கோளாறால் யோசித்துச் செயல்படும் திறன் குறைவது) என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டு நான் தொடங்கிய இழை இது. நான்கு நாளில் பதினேழு மடல்கள் வந்துவிட்டன. ‘இரத்தநாள மறதிநோய்’, ‘நாளவழி அறிவுக்குறை’, ‘குருதிவழி அறிதிறன் தேய்வு’ என மூன்று பரிந்துரைகள் நிற்கின்றன. எல்லாவற்றையும் அச்செடுத்து, நேற்று ராத்திரி பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன். என் கருத்தை ஒரே மடலில் சொல்லிவிடுகிறேன். நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஈரோட்டு ஐயா எழுதியது:

> மறதிநோய் என்ற சொல் மக்களிடம் வேரூன்றிவிட்டது. அதன் முன்னால் ‘இரத்தநாள’ என்று சேர்த்தால் வேலை முடிந்தது. புதிதாக எதற்கு?

ஐயா, இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காரணம் என் அப்பா. கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். எழுபது வயதில் அவரிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. மின்கட்டண அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். காபி கலக்க டம்ளரை எடுப்பார், அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பார். கேட்ட கேள்விக்குப் பதில் வரும், ஆனால் நாம் வேறு பேச்சுக்குப் போன பிறகு வரும். நடையும் சின்னச் சின்ன அடியாகச் சுருங்கியது. மருத்துவமனை ஒன்றில் கொடுத்த துண்டறிக்கையை வீட்டில் எல்லோரும் படித்தோம். தலைப்பு ‘மறதிநோய்’. பெயர்களை மறக்கிறாரா, வீட்டுக்கு வழி மறக்கிறாரா, சொன்னதையே திரும்பச் சொல்கிறாரா என்று கேள்விகள். எதற்கும் ஆமாம் இல்லை. என் கல்யாணத்தில் யார் யார் எவ்வளவு மொய் எழுதினார்கள் என்பதை அந்த வயதிலும் வரிசையாகச் சொல்வார். “மறதி இல்லையே, அப்புறம் என்ன” என்று அறிக்கையை அலமாரியில் வைத்துவிட்டோம். ஒன்றரை வருடம் போய்விட்டது. அந்த ஒன்றரை வருடமும், தலை சுற்றினால் மட்டும் பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு சொல் எங்களைத் தவறான இடத்தில் தேட வைத்தது. அதனால்தான் இந்த இழையையே தொடங்கினேன்.

அவருக்கு வந்தது எப்படி வருகிறது என்பதைப் பார்த்தால் சொல் தானாக அமையும். மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போது இதயம் இறைக்கும் ரத்தத்தில் ஏறத்தாழ 15 சதவீதமும், உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதமும் அதற்குப் போகின்றன. சேமித்து வைக்க அதற்கு இடமில்லை, வந்ததை வந்த கையோடு செலவழித்துவிடும். பெரிய தமனிகளிலிருந்து செங்குத்தாகக் கிளைத்து உள்ளே இறங்கும் மெல்லிய தமனிகள்தான் ஆழத்தில் இருக்கும் வெண்பொருளுக்கு ரத்தம் கொண்டுபோகின்றன. அதில் ஒன்று அடைபட்டால் பக்கத்து வாய்க்காலிலிருந்து திருப்பிவிட அநேகமாக வழியில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் கடைமடை என்போமே, அதுவேதான். இதயம் தளர்ந்தால் தலைமதகிலேயே நீர் குறைவு. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வருடக்கணக்கில் மிகுந்திருந்தால் குழலின் சுவர் தடித்து உள்வழி குறுகுகிறது. இதயத்தின் மேலறை ஒழுங்கில்லாமல் துடித்தால் அங்கே ரத்தம் தேங்கி உறைகிறது, அந்தக் கட்டி மிதந்து வந்து மூளைக்குள் எங்கேயாவது அடைத்துக்கொள்கிறது. கட்டி எங்கே அடைக்கும் என்று சொல்ல முடியாது, மற்ற வழிகளில் பாதிப்பு பெரும்பாலும் முதலில் தெரிவது கடைமடை வயலில்.

அந்த வயலில் இருப்பவை பெரும்பாலும் நரம்பு இழைகள். மூளையின் முன்பகுதியை ஆழப் பகுதிகளோடு இணைக்கும் கம்பிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவை கெட்டால் வேகம் குறையும், திட்டமிடல் குலையும், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யவேண்டிய வேலை சிக்கலாகும். நினைவு பல நேரம் பிந்தித்தான் மங்கும். அல்சைமர் நோய் பெரும்பாலும் நினைவைப் பதியவைக்கும் பகுதியில் தொடங்குவதால் மறதி அங்கே முதல் அடையாளம். இங்கே அப்படி இல்லை.

ஆங்கிலப் பெயர் பிறந்த கதையும் இதுதான். முதுமையில் புத்தி தளர்ந்தாலே ரத்தக்குழாய் கெட்டிப்பட்டுவிட்டது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 1974இல் விளாதிமிர் ஹச்சின்ஸ்கி என்ற நரம்பியல் மருத்துவரும் இரண்டு சகாக்களும் அதை மறுத்தார்கள். குழாய் மெல்ல மெல்லக் கெட்டிப்படுவது அல்ல, மூளையில் ஆங்காங்கே ரத்தம் கிடைக்காமல் திசு மாய்ந்துபோவதுதான் காரணம் என்று சொல்லி, ‘மல்டி இன்ஃபார்க்ட் டிமென்ஷியா’ என்று பெயரிட்டார்கள். டிமென்ஷியா என்றால் அன்றாட வேலையே முடியாத அளவுக்கு அறிதிறன் குலைவது. பிறகு 1990களில் அதே ஹச்சின்ஸ்கி அந்தச் சொல்லையே கைவிடச் சொன்னார். இரண்டு காரணங்கள். ஒன்று, டிமென்ஷியாவுக்கான அளவுகோல் அல்சைமரிலிருந்து எடுத்தது, மறதியை முன்னால் வைப்பது. மற்றொன்று, டிமென்ஷியா என்று சொல்லும் கட்டம் வருவதற்குள் தடுக்கும் காலம் கடந்துவிடுகிறது. இலேசான தடுமாற்றத்திலிருந்து முழு டிமென்ஷியா வரை எல்லாவற்றையும் அடக்கும் சொல்லாகத்தான் இப்போது நாம் மொழிபெயர்க்கப் பார்க்கும் பெயர் வந்தது. அவர்கள் பாடுபட்டு வெளியே எடுத்த மறதியை நாம் திரும்ப உள்ளே கொண்டுவந்து வைக்கலாமா, ஐயா? பொதுப்பெயராக மறதிநோய் இருந்துவிட்டுப் போகட்டும். இந்த வகைக்கு மட்டும் வேண்டாம்.

சரி, அடுத்தது ‘நாளம்’. நானே அதைத்தான் மனதில் வைத்திருந்தேன். யாழ்ப்பாண மருத்துவர் அக்காவின் மடல் வந்ததும் அழித்துவிட்டேன்:

> எங்கள் பாடநூல்களில் இதயத்திலிருந்து போவது நாடி, இதயத்துக்கு வருவது நாளம். ‘நாளவழி’ என்று எழுதினால் எங்கள் பிள்ளைகள் அழுக்குக் குருதி போகும் குழாயில்தான் கோளாறு என்று விளங்கிக்கொள்வார்கள்.

தமிழ்நாட்டில் நாம் தமனி, சிரை என்று படித்தவர்கள். நமக்கு நாளம் என்றால் பொதுவாக எந்த ரத்தக்குழாயும். போதாததற்கு நாளமில்லாச் சுரப்பி என்று வேறு படித்திருக்கிறோம், அங்கே நாளம் என்பது சுரப்பு நீர் வெளியேறும் குழாய். ஒரே சொல்லுக்கு மூன்று பொருள். அதுவும் இந்த நோயில் பெரும்பங்கு தமனி வகையில் இருக்கும்போது, கடலுக்கு அந்தப் பக்கம் சிரை என்று படிக்கப்படும் சொல்லை வைப்பது பெரிய பிழை. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, பின்னால் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர். அந்த மண்ணிலிருந்து வரும் திருத்தத்தை நான் நன்றியோடு எடுத்துக்கொள்கிறேன். அக்கா சொன்ன ‘குருதிக்கலன்’ நல்ல சொல்தான், ஆனால் இங்கே கலன் என்றால் பாத்திரமோ பண்டமோ நினைவுக்கு வரும். குழல் அல்லது குழாய் இரண்டு கரையிலும் விளங்கும்.

‘குருதிவழி’ அழகாக ஒலிக்கிறது, உண்மை. ஆனால் குருதிவழி உறவு, குருதிவழிச் சொந்தம் என்று சொல்லிப் பழகிய காதுக்கு அது பரம்பரை நோய் என்று கேட்கும். மிக நெருங்கிய நண்பர் ஒருவரிடம் விளக்கமில்லாமல் சொல்லிப் பார்த்தேன். “அப்போ பிள்ளைகளுக்கும் வருமா?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அரிதான சில பரம்பரை வகைகள் இருக்கின்றன. ஆனால் அழுத்தம், சர்க்கரை, புகை என்று நம் கையில் பிடிக்கக்கூடியவற்றால் வருவதே மிகுதி. பெயரே விதி என்று சொல்லிவிடக் கூடாது.

காக்னிஷனுக்கு ‘அறிவு’ என்று மட்டும் வைத்தால் ‘அறிவுக்குறை’ வசவாகிவிடும். அதைச் சொன்ன கோவை நண்பரோடு முழுக்க உடன்படுகிறேன். இலங்கையில் உளவியலார் ‘அறிகை’ என்கிறார்கள், கச்சிதமான சொல். நான் ‘அறிதிறன்’ பக்கம் சாய்வதற்குக் காரணம், அப்பாவிடம் அறிந்தது எதுவும் போகவில்லை, அறிந்ததை வைத்து வேலை செய்யும் திறன்தான் போனது.

இனி, எனக்கு மிக முக்கியமான கடைச்சொல். குறைபாடா, தேய்வா, நலிவா? குறைபாடு என்றால் பிறவியிலேயே இருப்பது போல, மாறாதது போல ஒரு நிழல் விழுகிறது. தேய்வு என்றால் பிறை தேய்வது போல ஒரே சீராகக் குறைந்து இல்லாமல் போவது. இந்த நோய் பலருக்கு அப்படிப் போவதில்லை. ஒரு படி இறங்கும், அங்கேயே பல மாதம் நிற்கும், மறுபடி ஒரு படி இறங்கும். இறங்காமல் பிடித்து நிறுத்தவும் வாய்ப்பு உண்டு. நலிவு என்ற சொல்லில் அந்த இடம் இருக்கிறது. நலிந்தவர் தேறினார் என்று சொல்கிறோம். தேய்ந்தவர் தேறினார் என்று யாரும் சொல்வதில்லை.

இது வெறும் ஆறுதல் பேச்சில்லை. அமெரிக்காவில் 9,361 பேரை வைத்து நடந்த ஸ்பிரின்ட் ஆய்வில், ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 140க்குக் கீழே வைத்தவர்களோடு 120க்குக் கீழே வைத்தவர்களை ஒப்பிட்டார்கள். 2019இல் வந்த முடிவின்படி, கடுமையாகக் கட்டுப்படுத்தியவர்களிடம் இலேசான அறிதிறன் நலிவு 19 சதவீதம் குறைவு. முழு டிமென்ஷியாவும் குறைவாகத்தான் இருந்தது, ஆனால் தற்செயல் அல்ல என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு எண்ணிக்கை தேறவில்லை. 120 எல்லோருக்கும் பொருந்தும் இலக்கு இல்லை என்பதால், நம் துண்டறிக்கையில் எண் போடுவதை மருத்துவர்களிடம் விட்டுவிடுவோம். பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரை உள்ள 1,260 பேரிடம் நடந்த ஃபிங்கர் ஆய்வு (2015) உணவு, உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, இதய–ரத்தக்குழாய் கண்காணிப்பு நான்கையும் சேர்த்து இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்தது. அறிதிறன் தேர்வுகளில், அது கிடைக்காதவர்களைவிட அவர்களுக்கு முன்னேற்றம் கூடுதல். லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் தந்த 2024 அறிக்கை மாற்றக்கூடிய காரணிகள் 14 என்று எண்ணி, அவை எல்லாவற்றையும் நீக்க முடிந்தால் உலகில் டிமென்ஷியாவில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று மதிப்பிட்டது. உயர் அழுத்தம், சர்க்கரை, புகை, கெட்ட கொழுப்பு, உடல் பருமன், உழைப்பின்மை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

‘அல்சைமர் வேறு, இது வேறு என்று தெளிவாகப் பிரிக்கும் சொல் வேண்டும்’ என்று ஒருவர் கேட்டிருந்தார். அவ்வளவு கூர்மையாகப் பிரிக்க முடியாது. அமெரிக்கக் கன்னியாஸ்திரிகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், இறந்தபின் 102 பேரின் மூளையைப் பார்த்து 1997இல் எழுதினார்கள். அல்சைமர் மாற்றங்கள் இருந்தவர்களில், ஆழத்தில் ஓரிரு சின்ன மாய்வுகளும் சேர்ந்தவர்களுக்கே டிமென்ஷியா வெளிப்பட்டிருக்கும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கும். ரத்தக்குழாயைப் பார்த்துக்கொண்டால் அல்சைமர் வெளிப்படுவதற்கும் கொஞ்சம் கடிவாளம்.

ஆக என் பரிந்துரை ‘குருதிக்குழல் அறிதிறன் நலிவு’. பொதுமக்களுக்கு எழுதும்போது ‘ரத்தக்குழாய்க் கோளாறால் வரும் அறிதிறன் நலிவு’ என்று நீட்டலாம். ‘இதயம்’ என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னார்கள். இதயத்தின் கோளாறும் குழல் வழியாகத்தான் மூளைக்கு வருகிறது, பெயரில் தனியாக வேண்டாம்.

துணைச்சொற்கள் சில. இன்ஃபார்க்ட்டுக்கு ‘மாய்வு’. ஸ்கேனில் தெரியும் சின்னக் குழிக்கு ‘பொள்ளல்’. வெளியே எதுவும் தெரியாமல் நடந்துவிடும் மாய்வைப் ‘பக்கவாதம்’ என்று எழுதாதீர்கள், கை கால் விழாதவருக்கு அந்தச் சொல் பொருந்தாது. ‘ஓசையில்லா மாய்வு’ போதும். மூளையின் வெண்பொருளில் ஸ்கேன் காட்டும் மாற்றத்துக்கு வைத்த லூக்கோஅரயோசிஸ் என்ற சொல்லில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. 1987இல் அதுவும் ஹச்சின்ஸ்கியும் சகாக்களும் கிரேக்கத்திலிருந்து கட்டியதுதான், வெண்மை, அடர்த்தி குறைதல் என்று இரண்டு பகுதி. அடர்த்தி குறைந்ததற்குத் தமிழில் ‘ஐது’ என்ற சொல் இருக்கிறது. ஈழத்துப் பள்ளிகளில் ஐதான அமிலம் என்று இன்றும் படிக்கிறார்கள். ‘வெண்பொருள் ஐதாதல்’ என்று அப்படியே வைத்துவிடலாம்.

அக்கா, உங்கள் அம்மம்மா சொன்னதாக எழுதியிருந்தீர்களே, ‘அறளை பேந்திட்டுது’ என்று, அதாவது முதுமையில் புத்தி தடுமாறிவிட்டது என்று. எங்கள் பக்கம் அந்தச் சொல்லே இல்லை, படித்தபோது பொறாமையாக இருந்தது. கலைச்சொல்லாக அதை எடுக்க நான் தயங்குகிறேன், வயதானால் அப்படித்தான் என்று கைகழுவும் தொனி அதில் வந்துவிட்டதோ என்ற அச்சம். இது பேசுகிறவர்கள் தீர்ப்பு சொல்ல வேண்டிய விஷயம், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நம் துண்டறிக்கையின் முதல் பத்தியை இப்படித் திருத்தியிருக்கிறேன்:

> உங்கள் வீட்டுப் பெரியவருக்கு நினைவு நன்றாக இருக்கலாம். ஆனால் கணக்குப் போட, சமையலை வரிசையாகச் செய்ய, பதில் சொல்ல முன்பைவிட நேரம் எடுக்கிறதா? நடை சுருங்கியிருக்கிறதா? இது குருதிக்குழல் அறிதிறன் நலிவாக இருக்கலாம். இன்றே ரத்த அழுத்தம் பாருங்கள்.

உங்கள் வார்டில் இரண்டு மூன்று பேரிடம் இதை வாசித்துக் காட்ட முடியுமா, அக்கா? ‘குழல்’ என்பதைப் புல்லாங்குழல் என்று யாராவது எடுத்துக்கொண்டால் ‘குழாய்’ என்றே மாற்றிவிடுகிறேன்.