மூணாவது பிள்ளைதானே!

தலைப்பிரசவத்துக்கு வளைகாப்பு போட்டு, ஏழாம் மாதமே அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் பேறுகாலம் பார்த்தார்கள். இரண்டாவதுக்குக் கவனிப்பு அதில் பாதி. மூன்றாவது உண்டானதும், முக்கூடல் பக்கம் எங்கள் தெருவில் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சுதான்: "மூணாவது பிள்ளைதான, உனக்குத் தெரியாததா? தும்முனா விழுந்துரும்."

இதில் பாதிதான் உண்மை. முதல் பிள்ளைக்கு விடிய விடிய இழுக்கும் வலி, அடுத்தடுத்த பிள்ளைகளுக்குச் சீக்கிரம் முடிந்துவிடும். மீதிப் பாதியை எனக்குச் சொன்னது எங்கள் கிராம சுகாதார நர்சம்மா மட்டும்தான். பல பிள்ளை பெற்ற கர்ப்பப்பை களைத்துப் போயிருக்கும், பிள்ளை வெளியே வந்த பிறகு சுருங்கச் சுணங்கும், அப்போது ரத்தம் நிற்காமல் போகலாம் என்றார். எனக்கு ரத்த அளவு 9 தான் இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் படுக்கவைத்து இரும்புச்சத்து மருந்தைப் பாட்டிலில் ஏற்றினார்கள், கருப்பட்டிக் காபி நிறத்தில். பீடி சுற்றுவதையும் நிறுத்தச் சொன்னார். தூள் மூக்கில் ஏறும், பிள்ளை எடை குறைஞ்சிரும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாரக்கூலி போனது கஷ்டமாகத்தான் இருந்தது. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் கிடைக்கும் 18,000 ரூபாயும் முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான்.

ஆனி மாதம். மலைப்பக்கமிருந்து காற்று கதவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. ராத்திரிச் சாப்பாடு முடிந்து, அத்தை சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடிக்கு உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு நடு இடுப்பில் வலி பிடித்து, முன்பக்கம் சுற்றி வந்து, பிறகு விட்டது. சொன்னேன்.

"சூட்டு வலியா இருக்கும்ட்டி. சீரகத்தை வறுத்துப் போட்டுத் தண்ணி கொதிக்க வச்சுக் குடி. சூட்டு வலின்னா அடங்கிரும், பேறுகால வலின்னா ஏறும்."

குடித்தேன். அடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் வலிக்கு வலி எவ்வளவு நேரம் என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். கடிகாரம் உள்ளறையில் இருந்தது, எழுந்து போகச் சோம்பலாக இருந்ததால் அத்தை சுற்றிப் போடும் பீடியையே எண்ண ஆரம்பித்தேன். கை பழகினவர்கள் நிமிஷத்துக்கு இரண்டு சுற்றிவிடுவார்கள். முதலில் இரண்டு வலிக்கு நடுவே இருபது பீடி விழுந்தது. அப்புறம் பன்னிரண்டு. பிறகு எட்டு.

"அத்தை, எட்டுதான் ஆச்சு."

"என்னது எட்டு?"

விளக்கிச் சொன்னேன். "இந்தக் கட்டை மட்டும் முடிச்சிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு இன்னொரு இலையை எடுத்தார்கள். ஒரு கட்டுக்கு 25 பீடி. அதற்குள் எனக்கு மூன்று வலி வந்து போனது. மூன்றாவதில் நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டு மைனி ஓடிவந்து, என் வீட்டுக்காரரை எழுப்பி 108-க்குப் போன் போட வைத்தார்கள்.

வந்த ஆம்புலன்ஸில் முதலுதவிக்கு இருந்த பொண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஏறினதும் முதல் கேள்வி, "எத்தனாவது குழந்தைக்கா?" மூணாவது என்றேன். இவளும் அதே பேச்சைத்தான் பேசப்போகிறாள் என்று நினைத்தால், ஒன்றும் பேசாமல் கையுறையை மாட்டிக்கொண்டு, பிரசவப் பெட்டியைப் பிரித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, டிரைவரிடம் "அண்ணே, சீக்கிரம்" என்றாள். அன்றைக்கு 'மூணாவது' என்ற சொல்லைச் சரியாகப் புரிந்துகொண்டது அவள் ஒருத்திதான்.

வழியிலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது. தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, பச்சையாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாள். தெளிவாகத்தான் இருந்தது. "முக்காதீங்கக்கா, வாயால ஊதி ஊதி மூச்சு விடுங்க" என்று என்னையும் ஊதச் சொல்லி, அவளும் ஊதினாள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அத்தை ரோடு போட்டவனைத் திட்டிக்கொண்டே வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் இறங்கியபோது ராத்திரி டூட்டி நர்ஸ் ஒருத்தர், "மூணாவதா? பின்ன எதுக்கு இந்தச் சத்தம்?" என்றார். பரிசோதித்துப் பார்த்ததும் அவர் குரலே மாறிவிட்டது. கர்ப்பப்பை வாய் முழுசாகத் திறந்திருந்தது. மேசையில் ஏறிப் படுத்ததும் இரண்டு முக்கில் பிள்ளை வந்துவிட்டான். ஆமாம், இதுவும் பையன்தான். பொம்பளைப் பிள்ளை என்று கோலாட்டத்துக்குப் பாவாடை வரைக்கும் கனவு கண்டவர்களுக்கு ஏமாற்றம். எனக்கு அதையெல்லாம் நினைக்க நேரமில்லை.

தொடையில் ஊசி போட்டார்கள், நச்சுக்கொடியும் வந்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடினால், முதுகுக்கு அடியில் வெதுவெதுவென்று நனைந்துகொண்டே போகிறது. நர்ஸ் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். ஒருவர் கையில் மருந்துப் பாட்டில் ஏற்ற, ஒருவர் டியூப் போட்டு மூத்திரத்தை வெளியேற்ற, டாக்டரம்மா தொப்புளுக்குக் கீழே கையை வைத்துப் பிசைய ஆரம்பித்தார். அந்தப் பிசைதலுக்குப் பிள்ளை பெற்ற வலியே தேவலை. வேண்டாம் வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் விடவில்லை. "கோவப்படுங்க, பரவால்ல, இது கல்லு மாதிரி ஆகணும்."

ஆனது. ரத்தம் மட்டுப்பட்டதும், முதலில் என்னைத் திட்டின அதே நர்ஸ், என் கையை எடுத்து என் வயிற்றின் மேல் வைத்து அழுத்தினார். தோலுக்கு அடியில் தேங்காய் நெற்று அளவுக்குக் கெட்டியாக உருண்டையாக ஒன்று. "இதுதான் கர்ப்பப்பை. இப்படி இருந்தா பயமில்லை. மெத்துனு ஆச்சுனாலோ, துணி சட்டுனு நனைஞ்சாலோ உடனே கூப்பிடணும். மூத்திரத்தை அடக்கக் கூடாது, பை நிறைஞ்சா கர்ப்பப்பை சுருங்காது." மூன்று பிள்ளை பெற்றவளுக்கு அன்றைக்குத்தான் அந்த உருண்டை இருக்கும் இடம் தெரிந்தது. விடியும்வரை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

அடுத்த நாள் புதுசாக ஒரு வேதனை. பிள்ளை பால் குடிக்க வாய் வைத்த மறு நிமிஷம் அடிவயிறு முறுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டுதான் பால் கொடுக்க முடிந்தது. பக்கத்துக் கட்டிலில் தலைப்பிரசவக்காரி நிம்மதியாகத் தூங்குகிறாள். எனக்கு உள்ளே ஏதோ தங்கிவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். நர்ஸிடம் கேட்டால் சிரிக்கிறார். பிள்ளை சப்பும்போது உடம்பில் சுரக்கிற ஹார்மோன்தான் கர்ப்பப்பையைச் சுருக்குகிறதாம். முதல் பிள்ளைக்கு அவ்வளவாகத் தெரியாது, பிள்ளைக்குப் பிள்ளை வலி கூடும், இரண்டு மூன்று நாளில் போய்விடும் என்றார். மாத்திரை கொடுத்தார், கேட்டது.

அத்தையிடம் சொன்னேன். "ஆமா, எனக்கும் கடைசிப் பிள்ளைக்கு உசிரு போச்சு" என்றார்கள் சாதாரணமாக.

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா மட்டும் குறையவா போவுது?"

இதற்கு என்ன பதில் சொல்வது! ஆனால் எனக்குத் தெரிந்திருந்தால் அந்த ஒரு நாள் பயந்து அழுதிருக்க மாட்டேன். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பிறந்த பிள்ளை நாக்கில் முதல் சொட்டு வைக்கிற, அதாவது சேனை தொடுகிற சண்டையும் உண்டு. பெரிய மாமா சீனித்தண்ணி தொட்டு வைத்தால் பிள்ளைக்கு அவர் குணம் வருமாம். சீம்பால் தவிர ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டதால் தப்பித்தோம். பெரிய மாமாவின் குணம் தெரிந்தவர்கள் நர்ஸுக்கு நன்றி சொல்வார்கள். வீட்டுக்கு வந்த பிறகு குறையில்லை. நல்லெண்ணெய் மிதக்க உளுந்தங்களி, பூண்டுக் குழம்பு, சாளை மீன் என்று அத்தை நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள்.

*

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வள்ளியூரிலிருந்து எழுதுகிறேன். எனக்கும் இதே வசனம்தான், "ரெண்டும் சுகப்பிரசவம், இதுவும் தன்னால வந்துரும்" என்று. ஒன்பதாம் மாத ஸ்கேனில் பிள்ளை குறுக்கே கிடந்தது. பல பிள்ளை பெற்றவர்களுக்கு வயிற்றுச் சதை தளர்ந்திருப்பதால் பிள்ளை இப்படித் திரும்பிப் படுத்துவிடுமாம். வலி வரும்வரை காத்திருக்காதீர்கள், வீட்டில் பனிக்குடம் உடைந்தால் தொப்புள்கொடி முன்னால் நழுவி வந்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். நாள் குறித்துச் சிசேரியன். முதுகில் ஊசி போட்டதும் கால் இரண்டும் அடுத்தவர் கால் போல ஆகிவிட்டது. உள்ளே இழுப்பது தெரிகிறது, வலி மட்டும் இல்லை. டாக்டர்கள் பாட்டுக்குப் பாளையங்கோட்டையில் மனை விலை பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு முறை பெற்ற அனுபவம் அந்தத் தையலுக்கு முன்னால் செல்லாது. இருமினால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு இருமணும், அதுதான் எனக்கு யாரோ சொன்ன ஒரே நல்ல யோசனை. அக்கா, கேட்கிறேனென்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனை அப்போதே பண்ணிக்கொண்டீர்களா?

*

தப்பெல்லாம் இல்லை. பண்ணவில்லை. ரத்தம் அவ்வளவு போயிருந்ததால், உடம்பு தேறட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள். அப்புறம் என் வீட்டுக்காரரே போய்ப் பண்ணிக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரத்து வேலை, தையல்கூட இல்லை, நடந்தே வந்து பஸ் ஏறினார். "ஆம்பளைப் பிள்ளையைப் போய் அறுத்துட்டாவளே" என்று அத்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆனால் ஒன்று, பண்ணின அன்றைக்கே பலன் கிடையாது. மூன்று மாதம் கழித்து விந்துவைப் பரிசோதித்து அதில் உயிரணு இல்லை என்று உறுதியான பிறகுதான் நிம்மதி, அதுவரை ஆணுறை போடணும். வீடு தேடி வந்த நர்சம்மா இதை வாசலிலேயே நின்று சத்தமாக விளக்க, அத்தை சுளகைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டார்கள்.