மசக்கையில் வந்த விபரீத ஆசைகள்: உங்கள் அனுபவம் என்ன?

தஞ்சாவூர்க்காரி
எல்லாரும் மாங்காய், சாம்பல் என்று எழுதுவீர்கள். எனக்கு வந்தது பல்பம். சிலேட்டில் எழுதுவோமே, அதேதான். நாத்தனார் மகன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். பார்த்ததும் எச்சில் ஊறிவிட்டது. அவன் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் பாதியை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டேன். கடைவாயில் நறுக்கென்று உடைந்து, முதலில் மணல் மணலாக, அப்புறம் மாவாகக் கரைந்து... அந்த ருசியை எப்படிச் சொல்ல! திரும்பி வந்தவன் "அத்தை பல்பம் திங்கிறாங்க" என்று கூடத்துக்கே கேட்கிற மாதிரி கத்தினான். அவனுக்கே இப்போது பெண் பார்க்கிறார்கள். இன்னும் விசேஷ வீட்டில் என்னைப் பார்த்தால் அதைத்தான் சொல்கிறான்.

ராத்திரி ஷிப்ட்
என் மனைவிக்கு ஐஸ்கட்டி. நடுராத்திரி ஃப்ரிட்ஜ் திறக்கும், பின்னாலேயே கறுக் மொறுக். என் பல் கூசும், அவள் கண்ணை மூடி ரசித்துத் தின்பாள். ஆனால் இதை மசக்கை என்று சொல்லலாமா? வாந்தி, தலைசுற்றல்தானே மசக்கை?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்
ராத்திரி ஷிப்ட் தம்பி, இரண்டும் மசக்கைதான். மயக்கத்தை மசக்கம் என்று சொல்வதில்லையா, உயரம் உசரமாகிற மாதிரி? அந்த வழியில் வந்த சொல்தான் மசக்கை. தலைசுற்றலும் அதில் அடக்கம், திடீர் ஆசையும் அடக்கம். ஆசையை மட்டும் சொல்லப் பழைய தமிழில் வயா என்று தனிச்சொல்லே உண்டு. புறநானூறு 20-ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார் சேர மன்னனிடம் சொல்கிறார்: உன் மண்ணை வயாவுற்ற பெண்கள் விரும்பித் தின்றால் உண்டு, பகைவரால் உண்ண முடியாது. மண் தின்பது அப்போதே ஊரறிந்த விஷயம். குறுந்தொகை 287-இல் நிறைசூலிக்குப் பச்சைப்புளி ஆசை. தஞ்சாவூர் அம்மா வெட்கப்பட ஒன்றுமில்லை. என் வீட்டில் அடுப்புச் சாம்பல். அதை விவரிக்க எனக்கு அனுமதி இல்லை.

நர்ஸ் அக்கா
நான் சுட்ட செங்கல் கேஸ். மழை பெய்தால் சுவரை முகர்ந்துகொண்டு நிற்பேன், அவ்வளவுதான். ஆனால் ஐயா சொல்வதைக் கேட்டு யாரும் மண்ணைத் தின்னாதீர்கள். அதில் புழு முட்டை இருக்கலாம், ஈயம் இருக்கலாம். கற்பூரம் வேண்டவே வேண்டாம், அது விஷம். பல்பம், ஐஸ், பச்சரிசி என்று மனம் ஓடினால் முதலில் ரத்தம் பாருங்கள். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவுக்கும் இந்த ஆசைகளுக்கும் தொடர்பு உண்டு, ஐஸுக்கு ரொம்பவே. சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரையைத் தினமும் போடுங்கள். டீ, காபியோடு போடாதீர்கள், சத்து உடம்பில் சேராது. கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்குத் தள்ளுங்கள். எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதீர்கள், மாத்திரையால்தான். முக்கியமாக, டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

மருமகள் 2
அக்கா, இங்கே யாரும் மருந்துச்சீட்டு கேட்கவில்லை. கேட்டது கிடைக்காவிட்டால் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்று என் மாமியார் ராத்திரியில் மாமனாரைத் திருநீறு வாங்க அனுப்பினார். பூசுவதற்கு இல்லை, தின்பதற்கு! அவரும் பக்திப் பழமாக முகத்தை வைத்துக்கொண்டு பெரிய பொட்டலமாக வாங்கி வந்தார். அப்போது எனக்கு ரத்தம் 12-க்கு மேல். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?